பரிகாரம் இல்லாத பக்கம்

2004ஆம் வருஷம். இலங்கை மலையகத்தில், அட்டன் பஜாரில் தரணிதரனின் இன்டர்நெட் கடைக்கு வருகிறவர்கள் வெளிநாட்டுச் சொந்தத்தோடு பேசுவார்கள், இல்லையென்றால் நடிகர் படம் பார்ப்பார்கள். லிந்துலைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சர் சண்முகவடிவு மட்டும் ஒரு மரபணுவைத் தேடி வந்தாள்.

அண்ணன் சோலைமலையின் மகள் லக்சனாவுக்கு நாலு வயது. உட்காருவாள், நிற்கமாட்டாள். எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவில் பழுது என்று சொல்லி அனுப்பிவிட்டார் கொழும்பு டாக்டர். விளக்க அவருக்கு நேரமில்லையாம், நல்லாயிருக்கட்டும். ஆனால் சோலைமலை கலங்கவில்லை. ஜோசியர் தோஷத்தைச் சொன்னால் அதே மூச்சில் பரிகாரத்தையும் சொல்லிவிடுவார் இல்லையா?

"பேரே தெரிஞ்சிருச்சு, பரிகாரம் தெரியாமலா போயிரும்? நீ பாரு தங்கச்சி," என்றான். அத்தனை படித்த சண்முகவடிவும் அதையே நம்பினாள்.

உலகத்து மரபணுக்களை எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் ஒரு இணையத்தளம் உண்டு, அது யார் வந்தாலும் திறந்த கதவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டுமே! மழைக்கு டெலிபோன் லைன் அறுந்து அறுந்து போனது.

"பொறுங்க டீச்சர், திரும்பப் போடுறேன்," என்று தரணிதரன் சலிக்காமல் போட்டான்.

ஒருவழியாகப் பக்கம் திறந்தது. எந்தக் குரோமோசோம், அதில் எந்த இடம், ஏ, சி, ஜி, டி என்று எழுத்து எழுத்தாக எல்லாம் இருந்தது. எலியில் எப்படி, ஈயில் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி. நோயைத் தீர்க்க மட்டும் இதுவரை எதுவுமில்லை என்று ஒரே வரி. அடப் பாவிகளா, இவ்வளவு கண்டுபிடித்தீர்களே! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதோடு எழுந்திருக்கலாம். கீழேயும் வாசித்தாள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் நோய். அப்படிப் பழுதைச் சுமக்கிற இருவருக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அந்த ஆபத்து உண்டு. அண்ணி அழகம்மை தாய்மாமன் மகள். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று முடித்த கல்யாணம். நாத்தனார் முறைக்கு மூன்றாம் முடிச்சைப் போட்டவள் சண்முகவடிவுதான். அழகம்மை இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள்.

வெளியே சோலைமலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பரிகாரம் போட்டிருக்கா?"

"இல்லண்ணே. யாருக்குமே தெரியாதாம்."

அவன் மகளின் கால் நனையாமல் குடையைச் சாய்த்துப் பிடித்தான்.

"சரி விடு. இவள நான் கடைசி வரைக்கும் தூக்கிக்குவேன். வயித்துல இருக்கறதாச்சும் நல்லா ஓடியாடும்ல?"

நாலில் ஒன்று என்ற கணக்கைச் சண்முகவடிவு விழுங்கிக்கொண்டாள்.

"பொறந்தாத்தாண்ணே தெரியும்," என்றாள்.

லிந்துலை பஸ் வந்தது. அவன் ஏறும்போது லக்சனாவின் கால்கள் படியில் இடித்தன. பின்னால் ஏறிய அத்தை அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டாள்.