ஒரு நாளைக்கு நாலு பக்கம்

இதில் ஒரு வரிகூட என் கற்பனை இல்லை. குரல் பதிவுகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. கேட்கத் தைரியம் உள்ளவர்கள் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிக்கு வரலாம்.

எங்களுடையது பன்னிரண்டு பேர் கொண்ட வாட்ஸ்அப் வாசிப்புக் குழு. ஐந்து பாக மர்ம நாவல் ஒன்றைச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். அட்மின் பெனடிக்ட் வைத்த விதி ஒன்றுதான். கடைசி ஆள் ஒரு பாகத்தை முடிக்கும்வரை யாரும் அடுத்த பாகத்தைத் தொடக் கூடாது.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் தென்னூர் பிரேமலதாதான். ஒரு நாளைக்கு நாலே பக்கம். ஒரு நாளும் ஐந்தாகாது. அந்த நாலையும் வாய்விட்டு வாசித்துக் குழுவில் குரல் பதிவாகப் போடுவார். பின்னணியில் ‘பீப்... பீப்...’ என்று ஏதோ சத்தம் கேட்கும். நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

நான்காம் பாகத்தில் அவருக்காக மற்றவர்கள் ஒரு மாதம் காத்திருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை. ஐந்தாம் பாகத்தைத் திருட்டுத்தனமாக முடித்துவிட்டேன்.

ஜூன் 8, மாலை 6.55. எரிச்சலில் குழுவில் எழுதினேன்.

“மேடம், நத்தைகூட இந்நேரம் சமயபுரம் போய்ச் சேர்ந்திருக்கும். நானே சொல்லிடறேன். கொன்னது தங்கச்சி வைதேகிதான். புஸ்தகத்தை மூடி வச்சிட்டு நிம்மதியா தூங்குங்க.”

பிரேமலதா படித்துவிட்டதாக நீலக் குறி காட்டியது.

பெனடிக்ட்தான் பொங்கினார். “என்ன சார் இது, அநியாயம்?” குழுவை மியூட்டில் போட்டுவிட்டேன்.

ஜூன் 12. மாலை 7.02. பிரேமலதா எண்ணிலிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு.

அதே நிதானமான குரல். ஆனால் ‘பீப்’ இல்லை.

“பக்கம் ஒன்று. ஜகன்னாத் காபி டம்ளரை வாயில் வைத்தான். உதடு சுட்டது.”

ஜகன்னாத் என் பெயர். டம்ளர் என் வாயில் இருந்தது.

சுட்டது.

“பக்கம் இரண்டு. உள்ளிருந்து மனைவி கேட்டாள். ஏன்னா, யார் அது பேசறது?”

“ஏன்னா, யார் அது பேசறது?” சமையலறையிலிருந்து ஜாஹ்னவி.

பதிவை நிறுத்தினேன். நிற்கவில்லை.

சரக்...

தாள் புரளும் சத்தம். போனில் இல்லை. என் முதுகுக்குப் பின்னால்.

“பக்கம் மூன்று. அவன் திரும்பவில்லை.”

முடியவில்லை...

சரக்...

“பக்கம் நான்கு. பயப்படாதீங்க சார். முடிவை இப்பவே சொல்ல மாட்டேன்.”

மணி 7.06.

பெனடிக்டை அழைத்தேன்.

“பிரேமலதா மேடம் ஏன் இப்படி விளையாடறாங்க?”

“சார்... அவங்க போய் நாலு நாளாச்சு. குரூப்ல போட்டேனே, பார்க்கலையா?”

மறுநாள் காலை தென்னூர் போனேன். கதவைத் திறந்தவர் அவர் கணவர் நல்லதம்பி. வாசிப்புக் குழு என்று மட்டும் சொன்னேன்.

“கேன்சருங்க. ஒரு மாசம் தாங்கினா பெரிசுன்னாங்க. ‘ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான் படிப்பேன், கதை முடியற வரைக்கும் போக மாட்டேன்’னு ஏழு மாசம் ஓட்டிட்டா. எட்டாந்தேதி போன்ல என்னமோ பார்த்தா. புஸ்தகத்தை மூடினா. சரியா ஏழு ரெண்டுக்கு மானிட்டர் சத்தம் மாறிடுச்சு...”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “உங்க பேரு என்னங்க?”

நான் சொல்லவில்லை.

பிரேமலதாவின் போன் பீரோவில், அணைத்து வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஐந்தாம் பாகம். மொத்தம் 340 பக்கம்.

எண்ணை பிளாக் செய்தேன். போனையே மாற்றினேன். தினமும் 7.02-க்கு வருகிறது. நாலே பக்கம். வாசித்தது வாசித்தபடி நடக்கிறது.

நேற்று, ஆகஸ்ட் 25, முந்நூறாம் பக்கம். பின்னணியில் மறுபடியும் அந்த ‘பீப்... பீப்...’

மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்.

அது என் நாடி.

இன்னும் நாற்பது பக்கம். கேட்க வருபவர்கள் செப்டம்பர் 4, மாலை 7.02-க்குள் வந்துவிடுங்கள்.