நீங்களே போயி சொல்லிடுங்க

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான நான் நடத்தும் தொண்டு நிறுவனத்தில் அவர் பிசியோதெரபிஸ்டாக இருந்தார். ஒல்லியான பெண், தோளில் எப்போதும் ஒரு நீலப் பை. எந்தப் பிள்ளையைத் தொடும் முன்பும் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சில்லென்று கை பட்டால் பிள்ளை உடம்பை இறுக்கிக்கொள்ளும் என்பார்.

ஒருநாள் செம்மண்டலம் அலுவலகத்தில் என் எதிரே வந்து நின்றார்.

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருக்கு சார். மாசக் கடைசில நின்னுக்கறேன்."

ஆஸ்பத்திரி தரும் சம்பளத்தை எங்களால் தர முடியாது. ஆளை நிறுத்திவைக்க நான் வேறொரு வழி வைத்திருந்தேன்.

"சரிம்மா. பிச்சாவரம் பக்கம் நம்ம பிள்ளைங்களோட அம்மாங்க இருக்காங்கல்ல, அவுங்ககிட்ட நீங்களே போயி சொல்லிடுங்க."

முன்பு அப்படிப் போனவர்கள் சொல்ல வாய் வராமல் திரும்பி, வேலையிலேயே தங்கிவிட்டார்கள்.

மாலையில் அவரும் கண் சிவந்து திரும்பினார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

"சொல்லிட்டேன் சார். எல்லாரும் அழுதாங்க. அப்பறம் ஒரு அம்மா மீன்கொழம்பு ஊத்தி சோறு போட்டு, 'நீ இவ்ளோ நாள் இருந்ததே ஜாஸ்தி, போயி நல்லா இரும்மா'ன்னாங்க."

உள்ளங்கைகளைத் தேய்த்தபடி என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் சார் இன்னும் அதச் சொல்லல."

அப்போதும் நான் சொல்லவில்லை. புது ஆள் கிடைக்கும்வரை இருக்க முடியுமா என்றுதான் கேட்டேன்.

இப்போதும் யாராவது வேலையை விட்டு நிற்பதாகச் சொல்லி வந்தால், அவர் கைகளைத் தேய்த்த சத்தம் காதில் விழுகிறது. அப்படியும் என் வாயில் முதலில் வருவது, "நீங்களே போயி சொல்லிடுங்க" என்பதுதான்.