கிருத்திகை வாடகை

பஸ்ஸில் டிக்கெட் வாங்கியதும் ரஞ்சிதம் அதை நீளவாக்கில் இரண்டாக மடிப்பாள். ஓரத்தை நகத்தால் நீவி இன்னொரு மடிப்பு. குச்சி மாதிரி ஆனதும் கைக்கடிகார வாருக்குள் செருகிக்கொள்வாள். செக்கர் ஏறினால் உருவிக் காட்டுவாள். காட்டிவிட்டு மறுபடியும் அதே மடிப்பு. திருத்தணியில் இறங்கி வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு வேலை. சாமி விளக்கின் சுடரில் டிக்கெட்டின் நுனியைக் காட்டி, உள்ளங்கையால் காற்றை மறைத்து, ஸ்டவ் திரிவரைக்கும் நடத்திக்கொண்டு போவாள். ஒரு தீக்குச்சி மிச்சம்.

கனகம்மாசத்திரத்தில் இறங்கி ஒரு மைல் நடந்தால் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம். இரண்டு வருஷமாகத்தான் நிரந்தர வேலை. தீக்குச்சியை மிச்சம் பிடிக்கும் பழக்கம் அதற்கு முன்னாலேயே உண்டு. தை மாதத்துக்குப் பிறகு அது தீக்குச்சியோடு நிற்கவில்லை. தை மாதம்தான் அவள் புருஷன் மணவாளன் பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். லாரி திரும்பி வந்தது. அவன் வரவில்லை. அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பதை லாரி ஷெட்டில் எல்லோரும் முன்பே அறிந்திருந்தார்கள். அப்போது ரஞ்சிதத்துக்கு நாள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

பிரசவ லீவு மூன்று மாதம், முழுச் சம்பளத்தோடு. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் பாலசுப்பிரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"சம்பளம் வரும்மா. யாரு வராதுன்னா? லீவு சாங்ஷன் ஆவணும், பில்லு போடணும், பில்லு பாஸாவணும். அதுக்குள்ள உன் புள்ள எழுந்து உக்காந்துடும். நீ மறுபடி ஜாயின் பண்ண அப்புறம் மொத்தமா வாங்கிக்க. அதுவரிக்கும் கையில வெச்சிருக்கிறத வெச்சி ஓட்டு."

கையில் இருந்தது போஸ்ட் ஆபீஸ் புத்தகத்தில் இருந்த பணம். பால், மண்ணெண்ணெய், வாடகை, பிள்ளை மருந்து என்று எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அது இரண்டு மாதத்துக்கு மேல் வரவில்லை. மூன்றாவது மாதம் வெறுமையாக நின்றது. அதற்கு வழியில்லையென்றால் மணவூரில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவளாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம் என்று பேச்சை நிறுத்தியவன் அண்ணன். மணவாளன் ஓடிப்போன சேதி கேட்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று மட்டும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசல்படி ஏறுவதில்லை என்று ரஞ்சிதம் முடிவு செய்திருந்தாள்.

மூன்றாவது மாதத்துக்கு அவள் நம்பியது ஆடிக் கிருத்திகையை.

கிருத்திகைக்கு மூன்று நாள் திருத்தணியில் யாரும் முழு வீட்டில் குடியிருப்பதில்லை. எல்லோரும் சமையலறைக்குள் ஒடுங்கிக்கொண்டு கூடத்தைக் காவடிக்காரர்களுக்கு விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வழக்கமான ஆட்கள் உண்டு. ஆனி மாதமே வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் விடலாம். பணம் அவர்களுக்கு, கிணற்றுத் தண்ணீருக்காக அஞ்சு ரூபாய் மட்டும் வீட்டுக்காரருக்கு. ரஞ்சிதத்தின் கூடத்துக்கு வருகிறவர் புத்தூர்க் கோதண்டம். பெண்டாட்டி, மச்சான், பிள்ளைகள் என்று ஒரு பட்டாளத்தோடு வருவார். பேச்சு எண்பது ரூபாய். நாற்பதை ஆனியிலேயே கொடுத்தார். கொடுக்கும்போது அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"தப்பா நெனைக்காதம்மா. நாங்க வெரதம். காவடிய எறக்கி வெக்கிற எடம். தீட்டு கீட்டு ஒண்ணும்..."

"ஆவணிலதாங்க நாள் சொல்லி இருக்காங்க" என்றாள் ரஞ்சிதம்.

"ஆங், அப்ப சரி. முருகன் பாத்துக்குவாரு."

கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஆள் வைத்தால் ஆறு ரூபாய். ஸ்டூல் போட்டு ஏறி, தென்னம்பட்டையை நசுக்கிச் செய்த மட்டையால் மேல்சுவரை முடித்தாள். இறங்கி, வாளியை நகர்த்தக் குனிந்தபோது இடுப்பில் வலி பிடித்தது. வாளியை நகர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தாள். வீட்டுக்கார அம்மா ஜெயம்மாள் பக்கத்து போர்ஷனில் தறிச் சத்தத்தையும் மீறி அவள் கூப்பிட்டதைக் கேட்டு ஓடி வந்தபோது, பாதிச் சுவர் ஈரமாகவும் பாதிச் சுவர் பழுப்பாகவும் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது. லீவு அன்றைக்கே தொடங்கிவிட்டது. கிருத்திகை புதன்கிழமை.

ஜெயம்மாள் கஞ்சித் தூக்கோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஏம்மா டீச்சர், பத்து மாசம் தாங்கினவளுக்கு இன்னும் பத்து நாள் தாங்கத் தெரில? அதுவும் ஆடில பெத்துகினு கீற."

"நானா பெத்துக்கினேன்? அதுவா வந்துது."

"வந்தது வந்துது. இப்ப நான் சொல்றத கேளு. புள்ள பொறந்தது எங்க? ஆஸ்பத்திரில. கொடி அறுத்தது எங்க? ஆஸ்பத்திரில. நீயும் இங்க கீற, புள்ளயும் இங்க கீது. வூட்ல இன்னா கீது? சுண்ணாம்பு வாசனதான். அப்ப வூடு சுத்தந்தானே? நீ கிருத்திக முடியறவரிக்கும் இங்கயே படுத்துகினு இரு. கோதண்டம் வந்தா, டீச்சர் அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா மணவூருன்னு நான் சொல்லிக்கிறேன்."

"வேற எங்கயாவது சொல்லுங்க."

"எங்க சொன்னா இன்னா? காசுதானே வேணும் உனுக்கு?"

வேணும்தான். ஜெயம்மாள் பேச்சில் ஓட்டை எதுவும் ரஞ்சிதத்துக்குத் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க வீடு சுத்தமாகத்தான் தோன்றியது. பொய் சொல்லப்போவதும் ஜெயம்மாள்தான். ஆனால் அச்சாரத்தை நீட்டியபோது அந்த மனுஷன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொன்னவள் இவள். நாளைக்குக் காவடி தூக்கும் பிள்ளைக்குப் படியில் கால் பிசகினாலும் காய்ச்சல் வந்தாலும் சுண்ணாம்பு அடித்த அந்தக் கூடம்தான் அவள் ஞாபகத்துக்கு வரும். மூன்றாவது மாதத்துப் பாலை அந்தக் காசில் வாங்கி ஊற்ற வேண்டும்.

சாயந்திரம் ஜெயம்மாள் போன பிறகு வார்டு ஆயா தேவகியைக் கூப்பிட்டாள். தேவகிக்கு வீடு அதே தெருக்கோடி.

"புத்தூர்லருந்து மஞ்ச வேட்டி கட்டிகினு கோதண்டம்னு ஒருத்தரு வருவாரு. பச்சப்புள்ளக்காரி ஊடு, இஷ்டமிருந்தா தங்கச் சொல்லு. இல்லன்னா அச்சாரத்த நான் மெதுவா குடுத்துர்றேன்னு சொல்லு."

"வர்ற லச்சுமிய வேணாங்கிறியே" என்றாள் தேவகி. சேதியை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வார்டு ஜன்னலுக்கு வெளியே, நல்ல தூரம் தள்ளி, வேப்பமரத்தடியில் கோதண்டம் வந்து நின்றார். பின்னால் அவர் பெண்டாட்டி மணியம்மை.

"கிட்ட வரமாட்டோம்மா, மால போட்டுகினு இருக்கோம்!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ரஞ்சிதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அச்சாரம் செலவாயிட்டுதுங்க. சுண்ணாம்புக்கும் ஆஸ்பத்திரிக்கும்..."

"நான் கேட்டனா? குடுத்தது குடுத்ததுதான். இன்னா கொழந்த?"

"பொண்ணுங்க."

"வள்ளி வந்துட்டாடா நைனா!" என்றார் அவர், மரத்தில் ஏறிக்கொண்டிருந்த பேரனிடம்.

"எங்க படுப்பீங்க?"

மணியம்மை பதில் சொன்னாள். "மல இவ்ளோ பெருசு கீது. எங்களுக்குப் பாயி போட எடமில்லாமயா பூடும்? நீ பச்ச ஒடம்போட காத்துல நிக்காத, உள்ள போ."

அவர்கள் போய்விட்டார்கள். மீதி நாற்பதும் போனது என்று ரஞ்சிதம் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தாள். குழந்தையை இரண்டு மாதத்தில் யாரிடமாவது விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கும். யாரிடம் என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கூடம் கழுவி விடப்பட்டிருந்தது. ஜெயம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்கு பத்து ரூபாய் நோட்டுகளைத் தொட்டிலில் வைத்தாள்.

"கோதண்டம் குடுத்துட்டுப் போனாரு. மீதிக்காசு."

"தங்காமயேவா?"

"தங்காமயேதான். பெரிய மனுசன்மா. தண்ணிக் காசு அஞ்சு வேணாம், வுடு, புள்ளைக்கு இருக்கட்டும்."

ரஞ்சிதம் அழுதாள். பெங்களூர் சேதி வந்தபோதுகூட அழாதவள். அந்த நாற்பதை அவள் தனியாக வைத்து மூன்றாவது மாதத்தில்தான் பிரித்தாள். பாலை ஆழாக்காகக் குறைத்து, காபியை நிறுத்தி, கடைசி வாரம் ஜெயம்மாளிடம் அரிசி கைமாற்று வாங்கி, மணவூர்ப் பக்கம் போகாமலே லீவை முடித்தாள். குழந்தையைப் பகலில் தேவகியின் அம்மா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மொத்தச் சம்பளம் மார்கழியில் வந்தது. பாலசுப்பிரமணியன் சொன்னபடியே, வள்ளி என்று பெயர் வைத்த குழந்தை அப்போது உட்கார ஆரம்பித்திருந்தது.

அடுத்த ஆனியில் கோதண்டம் பெண்டாட்டியோடு வெற்றிலை பாக்கு கொண்டு வந்தார். குழந்தை அவருடைய மீசையைப் பிடித்தது. நாற்பது ரூபாயை எடுத்து வைத்தவரிடம் ரஞ்சிதம் கைகூப்பினாள்.

"இந்த வருஷம் உங்ககிட்ட காசு வாங்க மாட்டேங்க. போன வருஷம் தங்காமயே மீதிய குடுத்தீங்களே, அதுலதான் இதும் நானும் பொழைச்சோம்."

கோதண்டம் பெண்டாட்டியைப் பார்த்தார். "நாம எங்க குடுத்தோம்?"

"இன்னா குடுத்தோம்?" என்றாள் மணியம்மை. "நாங்க ஸ்டேசன் பிளாட்பாரத்துல படுத்துகினு பூட்டோம். வந்ததும் திண்ணைல வெச்ச மூட்டைய எடுத்துகினு போவலாம்னு இங்க வந்தப்ப வளையக்காரங்க பொட்டி எறக்கிகினு இருந்தாங்க, உன் கூடத்துல. கட போட வந்தவங்களுக்கு இன்னா வெரதம், இன்னா தீட்டு? வூட்டுக்காரம்மாதான் நின்னு பேசிகினு இருந்தாங்க."

அந்த வருஷமும் வளையல்காரர்கள் கிருத்திகைக்கு வந்தார்கள். போன வருஷம் அவள் கூடத்தில் தங்கிய கஜபதி என்ற வளையல்காரரிடம் குழந்தைக்குக் கருவளையல் வாங்கும் சாக்கில் ரஞ்சிதம் கேட்டாள். அந்த மூன்று நாளைக்கு அவர் ஜெயம்மாள் கையில் கொடுத்தது நூறு ரூபாய்.