கல்லாவில் இருந்தவள்

அண்ணன் கேட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

மார்த்தாண்டத்தில் அவன் புதிதாகத் திறக்கப்போகும் சூப்பர் மார்க்கெட்டின் வாசலில், நான் கட்டிய குட்டிக் கடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமாம். "அப்பாக்க கடை எப்பிடி இருந்துதுன்னு ஆளுவ பாக்கட்டு. நீ எவ்வளவு அழகாட்டு செய்திருக்க!" என்று, நான் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னான். அதற்கு முன் அவன் என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்தக் கடையை நான் யாருக்காகவும் கட்டவில்லை. மகன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு கட்டிலுக்கு அடியைச் சுத்தம் செய்தபோது, அவன் சின்ன வயதில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு மூட்டை நிறையக் கிடைத்தன. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன். பழுப்புக் கட்டைகளை அடுக்கியபோது கை தானாக ஒரு சுவரைக் கட்டியது. அது திருவட்டாற்றில், கோயிலுக்குப் போகும் ரோட்டில் இருந்த அப்பாவின் பலசரக்குக் கடையின் பக்கச் சுவர். அந்த மழைக்காலம் முழுக்க நான் அதிலேயே கிடந்தேன்.

ஒவ்வொன்றாகச் செருகிக் கடையை மூடும் நிரைப்பலகைகளுக்குத் தட்டையான துண்டுகள். மிட்டாய் பாட்டில்களுக்குக் கண்ணாடி போல் தெரியும் கட்டைகள். முன்னால் தொங்கும் மட்டி வாழைக் குலைக்கு மஞ்சள் நிறத்தில் நகம் போன்ற துண்டுகள் வேண்டியிருந்தன. எங்கள் மூட்டையில் அவை இல்லை. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும் என் வீட்டுக்காரர், சாயா குடித்தபடியே போனில் தேடிப் பிடித்து அவற்றை ஆர்டர் செய்து கொடுத்தார். "குலை ரொம்பப் பச்சையா இருக்காண்டாம், கொஞ்சம் பழுத்தாத்தான் விக்கும்" என்று யோசனை வேறு.

கடைசியாகக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பெண் பொம்மையை உட்கார வைத்தேன். பச்சை உடுப்பு. தலையில் கறுப்பு மையால் கொண்டை வரைந்தேன். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொள்வது என் பழக்கம். அதற்காக ஒரு தென்னை ஈர்க்கிலைக் கிள்ளி அந்தத் தலையில் ஒட்டினேன். அது நான்தான். கல்லாவில் இருந்தது நான்தான் என்பதால் அப்படி வைத்தேன்.

நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அவன் படிப்பு தடைபடக் கூடாது என்று வீட்டில் பேசி முடித்தார்கள். என் படிப்பைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை. மறுநாள் காலையில் நிரைப்பலகைகளை எடுத்து வைத்துக் கடையைத் திறந்தேன்.

சரக்கு எடுக்க முதல் பஸ்ஸில் மார்த்தாண்டம் போனேன். தரகர்களிடம் கத்திக் கத்தி என் குரலே மாறிப்போனது. குடித்துவிட்டு வந்து மேசையில் சாய்ந்து பேசியவர்களைப் தராசுப் படிக்கல்லைக் கையில் எடுத்துத் துரத்தினேன். திருவிழாக் காலத்தில் நின்றபடியே சோறு தின்றேன். அரிசி மூட்டையை ஒற்றை ஆளாக நகர்த்தியதில் பிடித்த முதுகுவலி இன்றும் என்னோடு இருக்கிறது. அப்பா உள்ளே நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் படிப்பை முடித்து, துபாய் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்ற பிறகும் நான் அங்கேதான் இருந்தேன். பிந்தித்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா போன பிறகு கடை அண்ணனுக்கு என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் ஊர் திரும்பி அதை இடித்துவிட்டு வேறு கட்டடம் எழுப்பியபோதும் ஒன்றும் கேட்கவில்லை.

திறப்பு விழாவுக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். போதகர் ஜெபம் செய்து முடித்திருந்தார். அம்மாவை முன்வரிசையில், பட்டுச்சேலையில், உட்கார வைத்திருந்தார்கள். அவள் இருப்பது அண்ணன் வீட்டில். வாசலருகே விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் என் கடை. சுற்றிலும் ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெருமையோடுதான் கிட்டே போனேன்.

கல்லாவில் மீசை வைத்த ஓர் ஆண் பொம்மை உட்கார்ந்திருந்தது.

பெட்டிக்கு மேலே பலகை: 'தொடங்கியவர் தந்தை. வளர்த்தவர் மகன்.' பக்கத்தில் அண்ணனின் படம். என் பொம்மையைத் தேடினேன். கடைக்கு வெளியே படிக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். தலையில் ஈர்க்கில் அப்படியே இருந்தது. கையில் ஒரு பை மாட்டியிருந்தார்கள். நான் கட்டிய கடையில் நான் சாமான் வாங்க வந்து நிற்கிறேன்.

அண்ணனின் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"மைனி, இத ஆரு மாத்தினது?"

"எத? ஓ, பொம்மையா? உங்க அண்ணன்தான் சொன்னாவ, கல்லால ஒரு ஆம்பிள இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்னு. ஆனா உன்னக் களயல கேட்டியா, வெளியில நிக்க வச்சிருக்கு" என்று சிரித்தாள். எனக்கு நல்லது செய்துவிட்ட சிரிப்பு அது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தான். "ஏட்டி, வந்த இடத்துல என்னத்துக்கு முகரைய இப்பிடி வச்சிட்டு நிக்க?"

"அண்ணா, கல்லால இருந்தது ஆரு?"

"அப்பா."

"அப்பாக்கு வாதம் வந்த பொறவு?"

"நீயும் கொஞ்ச நாளு கூடமாட நின்ன. ஆரு இல்லேன்னு சொன்னது? ஒரு பொம்மைக்கா இந்தப் பேச்சு?"

கொஞ்ச நாள். கூடமாட. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. ஒவ்வொரு நாளும் மதியச் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவந்து என் கையில் தந்தவள் அவள். இப்போது குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, மைக்கோடு வீடியோ எடுக்க வந்த பையன் அண்ணனிடம் கேட்டான். "சார், இந்தக் குட்டிக் கடை சூப்பரா இருக்கு. ஆரு செய்தது?"

நான் பக்கத்தில் நிற்கிறேன். தோளில் இடிக்கும் தூரம். அண்ணன் கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "வீட்டுல பிள்ளைவ விளையாட்டா செய்தது."

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. பெட்டியின் பின்பக்கக் கொண்டியை நீக்கினேன். அடிப்பலகையோடு கடையை வெளியே இழுத்தேன். கூரையின் ஒரு பக்கம் கழன்று தரையில் விழுந்து சிதறியது. மட்டிக் குலை உருண்டு யாருடைய செருப்புக்கடியிலோ போனது. மீசைக்காரனைப் பிடுங்கி காலிப் பெட்டிக்குள் போட்டேன்.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தான். "மானத்த வாங்காத. அங்க வையிட்டி!"

"கைய எடு. இது எனக்க கடை. நான் கொண்டு போறேன்."

இவ்வளவு பேர் முன்னால் நான் அப்படிக் கத்துவேன் என்று அவன் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அரிசித் தரகர்களிடம் பழகிய குரல் அது. கூட்டம் விலகி வழி விட்டது. பிரியாணித் தட்டோடு நின்ற என் வீட்டுக்காரர் தட்டை அங்கேயே ஒரு அலமாரியில் வைத்துவிட்டு, ஓடிவந்து பலகையின் மறுபக்கத்தைப் பிடித்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. "படி இருக்கு, பைய இறங்கு" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் இருவர் மடியிலும் அதை வைத்துக்கொண்டு வந்தோம். எனக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். மன்னிப்புக் கேட்கத்தான் என்று ஒரு நொடி நினைத்தேன். "பெட்டி சும்மா கெடக்கு. வாறவன் எல்லாம் கேக்கான். கொண்டு வா, உனக்க பொம்மைய நீ சொல்லுத இடத்துல வைக்கேன்" என்றான்.

"பலகைய மாத்தி எழுது. கடைய நடத்தினது மகள்னு எழுது. கொண்டு வாறேன்."

"அது எப்பிடிட்டி எழுதுவேன்? ஆளுவ என்ன சொல்லுவினும்?"

"உள்ளதச் சொல்லுவினும்."

வைத்துவிட்டான். அதன் பிறகு பேச்சில்லை. சொந்தக்காரர்களிடம், விளையாட்டுச் சாமானுக்காக நான் திறப்பு விழாவைக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறானாம். மைனி அந்தப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பூக்களை வைத்துவிட்டாள்.

கடை இப்போது எங்கள் வீட்டு முன் ஜன்னலில், ரோட்டைப் பார்த்து இருக்கிறது. கூரையைத் திரும்பக் கட்டி, என் பொம்மையைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். யார் செய்தது, யாருடைய கடை என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள். அண்ணன் வெளியே போயிருந்த நேரம் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நீதான் நடத்தின மக்கா. எனக்கு ஓர்மை இல்லாமலா?"

"அண்ணைக்கு ஏம்மா சொல்லல?"

"அவனுக்க வீட்டுலல்லா இருக்கேன்" என்றாள்.

அம்மா மேல் கோபப்படலாம் என்றுதான் இத்தனை நாளும் காத்திருந்தேன். போனை வைத்த பிறகு அது வரவில்லை. சொந்த மகன் வீட்டில் ஒரு வார்த்தை பேச அவள் பயப்படுகிறாள் என்று புரிந்தபோது, அவளுக்காக வைத்திருந்த கோபமும் அண்ணன் மேலேயே போய் விழுந்தது.