ஈயின் நெற்றியைப் பார்க்கச் சாலவாக்கம் போனேன்

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தத் தை மாதம் உத்திரமேரூர் பக்கம் போய்வந்ததை எழுதிவிடுகிறேன். நம் பூச்சிப்பட மடலைப் படிப்பவர்களுக்கு உதவும். என் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் அடங்கும்.

பூவுக்கு மேல் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஈயைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. தேனீ என்று பயப்படுவோம்; கொட்டாது. அப்படி இரண்டு படம் எடுத்து எங்கள் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். ஒன்றுக்கு ஒல்லி வயிறு, மற்றதற்கு அகல வயிறு. பருத்திப் புழுவில் பட்டம் வாங்கிய அவர், நாற்காலியை விட்டு எழாமலே அவை இரண்டு இனம் என்று தீர்ப்பளித்துக் கட்டுரை போட்டார். படம் எடுத்த என் பெயர் அதில் இல்லை. "இது ஆணும் பெண்ணும்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "என்ன சார், ஈக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறீங்களா?" என்றார். அறையே சிரித்தது.

ஆணுக்குக் கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு நடுவில் நெற்றி தெரியும். பழைய படங்களில் தலை தெளிவாக இல்லை. இரண்டும் இணைசேர்ந்திருக்கும் ஒரு படம் கிடைத்தால் அவர் கட்டுரை குப்பை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

காஞ்சிபுரத்திலிருந்து முதல் பஸ். உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிக்கெட் இரண்டு ரூபாய்க்குள். அங்கே நாஷ்டாவை முடித்துவிடுங்கள். பிறகு சாலவாக்கத்துக்கு டவுன் பஸ். உட்கார இடம் கிடைக்காது. ஏரிக்கு அப்பால் கொத்தமல்லி பூத்த கொல்லை ஒன்றில் ஈக்கள் மொய்த்தன.

களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார். "இன்னா சார், கரண்ட் ஆபீசா?"

"இல்லம்மா, ஈயைப் படம் எடுக்க வந்தேன்."

"ஈயையா? யோவ், இங்க வா, இந்தக் கூத்தப் பாரு!"

அவர் கணவர் முதுகில் மருந்துத் தெளிப்பானோடு வந்தார். இந்த ஈயின் புழு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும், மருந்து வேண்டாம் என்றேன்.

"செடி பூரா அசுவினி கீது. துன்றதுன்னா சீக்கிரம் வந்து துன்னச் சொல்லு" என்றார் அவர்.

"பேஜார் பண்ணாதயா, பாவம், எங்கருந்தோ வந்துகிறாரு" என்றார் அம்மாள்.

"சரி, ஒரு பீடி வலிக்கிற நேரம். அப்பறம் அடிச்சிடுவேன்."

கேமராவோடு மண்டியிட்டேன். பீடி பாதி கரைந்தபோது ஒரு ஜோடி இணைந்தபடியே பூக்கொத்தில் வந்து உட்கார்ந்தது. ஒல்லி வயிறு, அகல வயிறு, ஒட்டிய கண், இடைவெளி விட்ட கண். அழுத்தினேன். பீடி விழுந்தது, மருந்து கிளம்பியது. நான் கிளம்பும்போது அந்தக் கொல்லையில் ஒரு ஈ கூடப் பறக்கவில்லை.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போங்கள். முதுகை மட்டும் எடுத்துவிட்டுப் பெயர் வைக்காதீர்கள், நெற்றியையும் எடுங்கள். மருந்து எப்போது அடிப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.

படம் கழுவி வந்துவிட்டது. இரண்டு தலையும் தெளிவு. கல்யாணத்தை நான் பண்ணி வைக்கவில்லை, ஐயா. அவை தாமாகவே பண்ணிக்கொண்டன. துறைத் தலைவருக்கு அனுப்பும் படத்தின் கீழே என் பெயர் எழுதப் பேனாவைத் திறந்தேன். பெயரைப் பார்த்தால் பழைய பகை என்று சொல்லிப் படத்தைத் தள்ளிவிடுவார். முதல் படத்தில் அவர் என் பெயரை எடுத்தார். இதில் நானே எடுத்துவிடுகிறேன். ஈயை மட்டும் பார்க்கட்டும். உறையை ஒட்டிவிட்டேன், பெயரில்லாமல்தான் தபாலில் போகிறது.