அழகரின் அரைப்பேர்

ஒரே ஒரு பரீட்சைத் தாளைத் தவிர எல்லாத் தாளையும் எழுதியவர் அழகர். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொன்னார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள், அவர் முதுகு திரும்பியதும், 'அரைப்பேர் வாத்தியார்' என்றார்கள். பட்டப்பெயரை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எடுப்பார்கள். மாலையில் மடுவக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்தை நிறுப்பார்கள். சொன்ன நிறை வந்தால் முழுப்பேர். வராவிட்டாலோ, பாதி நாளில் மலையை விட்டு இறங்கிவிட்டாலோ அரைப்பேர். இன்றைக்கு விழுந்த அரைப்பேரை நாளைக்குக் கூடுதலாகப் பறித்து முழுசாக்க முடியாது. விழுந்தது விழுந்ததுதான்.

அதனால் பொழுது சாயும்போது லயத்து வீட்டு வாசலில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். அழகரும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்.

"ஆத்தா, முழுப்பேரா?"

"முழுப்பேர்தான் சாமி. என் முதுகத் தொட்டுப் பாரு, சொல்லும்."

அரைப்பேர் விழுந்த நாட்களில் தாய் பெரியாயி பேச்சை மாற்றுவாள். "அடுப்பப் பாருடா" என்பாள். அழகருக்குப் புரிந்துவிடும்.

எழுபத்து நான்காம் ஆண்டு, தோட்டங்களில் அரிசி இல்லை. மாவையும் அளந்துதான் கொடுத்தார்கள். அழகர் அப்போது பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. அறைத்தோழன் நிஸாம், பதுளைப் பட்டணத்துப் புடவைக்கடை மொஹிதீனின் மகன். லீவு முடிந்து அவன் திரும்பும்போது பெரியாயி ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டாள். பரீட்சை வாரம் முழுக்க இருவரும் அதைப் பிய்த்துத் தின்றார்கள். அது பெரியாயியின் பங்கு மாவு என்பது அப்போது அழகருக்குத் தெரியாது.

கடைசித் தாளுக்கு முதல்நாள் தந்தி வந்தது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெரியாயி, வெயில் உச்சிக்கு ஏறும்போது விழுந்தாள், எழவில்லை.

அழகர் அந்தத் தாளை விட்டுவிட்டு வந்து காரியங்களைச் செய்தார். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் முன்னால் நடந்த பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

"பாதி நாள்லயே போயிட்டா பாவி. அரைப்பேர்தான் விழுந்திருக்கும்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் யாரையும் கேட்கவில்லை. கூலியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை, அவளுடைய கடைசிச் சம்பளம் மாவுக்குப் பிடித்ததிலேயே கரைந்துபோனது.

பரீட்சைப் பெறுபேறு வந்த நாள் நிஸாம் லயத்துக்கே வந்துவிட்டான்.

"நீ ஃபெயில் இல்லடா மச்சான். இன்கம்ப்ளீட். ஊட்டுல மவுத்து எண்டு எழுதிக் குடுத்தா, அந்த ஒரு பேப்பர மட்டும் அடுத்த தரம் எழுத விடுவாங்க. கதவப் பூட்டல்ல, சும்மா சாத்தித்தான் வெச்சிருக்காங்க."

அக்காள் ரெங்கம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "அப்படின்னா என்ன தம்பி? பாஸா, ஃபெயிலா?"

"ரெண்டும் இல்லக்கா. அரைப்பேர்."

ரெங்கம்மா அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். "ஆத்தாவுக்கு விழுந்த மாதிரியா?"

அன்றிலிருந்துதான் அந்தக் குரல். அந்திப் பொழுதில் அழகர் லயத்து வாசல்படியில் கால் வைத்தால் உள்ளேயிருந்து கேட்கும். கோபமில்லாத, சோர்ந்த குரல். சின்ன வயதில் அவர் கேட்ட அதே கேள்வியை இப்போது இறந்துபோன பெரியாயி கேட்டாள்.

"என்ன சாமி, முழுப்பேரா?"

அடுத்த ஆண்டு எழுதப் போனார். மனுவுக்குப் பல்கலைக்கழகம் இரக்கத்தோடுதான் பதில் சொல்லியிருந்தது. வினாத்தாளும் கடினமில்லை. பாதி எழுதியிருப்பார். ஜன்னல் பக்கத்திலிருந்து அந்தக் கேள்வி வந்தது. பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். முகத்தைப் பார்த்த மேற்பார்வையாளர் சுகவீனம் என்று எழுதிக்கொண்டார். அதனால் தாள் கணக்கில் சேரவில்லை. இன்கம்ப்ளீட் அப்படியே நின்றது. அதன் பிறகு பரீட்சைகள் வந்தன, போயின. அழகர் தோட்டத்தைவிட்டு இறங்கவில்லை.

எழுபத்தெட்டில் நிஸாம் மறுபடி வந்தான். இப்போது தகப்பனின் கடையில் சீலை அளந்துகொண்டிருந்தான். கையில் ஒரு துணிப் பொட்டலம்.

"இந்த வருசத்தோட பூட்டுறாங்களாம் மச்சான். இனி எழுத ஏலா. இந்தா, சேட்டு தைக்கத் துணி. எழுதாட்டித் திருப்பித் தந்திரு, வாப்பா கணக்குக் கேக்குறாரு."

அழகர் சிரிக்கவில்லை. "என் ஆத்தா அரைப்பேரோட போனாடா. அவ மாவத் தின்னுட்டு நான் முழுப்பேர் வாங்கவா?"

உள்ளே இருந்த ரெங்கம்மா இதைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாள், தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு அப்போது கொழுந்து நிறுத்துப் பேர் போட்ட கணபதி கங்காணியின் வீட்டுக்குப் போனாள். கங்காணி வேலையை விட்டு இரண்டு மூன்று வருடம். கம்பளியைப் போர்த்தி வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"கங்காணியாரே, எங்க ஆத்தா விழுந்த அன்னிக்கி என்ன பேர் போட்டீங்க?"

"யாரு, பெரியாயிக்கா? வாயாடியாச்சே. என் தராசு பொய் சொல்லுதுன்னு நித்தம் சண்டைக்கு வருவா."

"என்ன பேர் போட்டீங்க?"

கிழவர் ரெங்கம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அழகரைப் பார்த்தார்.

"முழுப்பேர். கூடை நெறைஞ்சில்ல இருந்துச்சு."

"நெசமாவா?" என்றார் அழகர்.

"படிச்ச புள்ளங்கிற திமிரா? என்கிட்டயே கணக்குக் கேக்குறியா? போடா!"

பெரியாயி இறந்த மாதம் பதுளைப் பக்கம் மழையே இல்லை. செடிகள் காய்ந்து கிடந்தன. மாலைவரை பறித்தாலும் நிறை வராது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரியாயி விழுந்தபோது பக்கத்து நிரையில் நின்றவள் ரெங்கம்மா. தாயின் தலையிலிருந்து கூடையைக் கழற்றியவளும் அவள்தான்.

திரும்பி வரும்போது அழகர் கேட்டார். "அக்கா, கூடை நெறைஞ்சா இருந்துச்சு?"

"நான் பாக்கல. நீ பரீட்சைக்குப் போ."

தெமோதரையில் ரயில் ஏறினார். நிஸாம் தந்த துணியில் தைத்த சட்டை. பரீட்சை மண்டபத்தில் ஜன்னல் பக்கமாகவே இடம் கிடைத்தது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. மணி அடிக்கும்வரை எழுதினார்.

தேறிவிட்டார். இன்கம்ப்ளீட் என்ற சொல் அவர் பெயருக்கு நேரே இருந்து எடுபட்டது. பெறுபேறு வந்த அன்று பதுளையில் நிஸாமின் கடையில் ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு பஸ் ஏறி, பனி இறங்கும் நேரத்தில் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

படியில் கால் வைத்தார். காத்திருந்தார்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒரு பிள்ளை தன் தாயிடம் கேட்டது. "முழுப்பேராம்மா?" தாய் ஏதோ சொன்னாள். அழகரின் வாசலில் யாரும் கேட்கவில்லை.

"முழுப்பேர் ஆத்தா" என்றார் அவராகவே.

உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது. ரெங்கம்மா மலையிலிருந்து கூடையோடு வந்து பார்த்தபோது அவர் இன்னும் அதே படியில் நின்றார்.

"என்ன தம்பி, உள்ள போகலையா?"

"கொஞ்சம் இரு அக்கா" என்றார் அழகர். "ஆத்தா இன்னும் கேக்கல."