பகலில் வராத தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு தை மாதத்தில் எங்கள் வாய்க்கால் வறண்டுபோனது. அய்யம்பாளையத்திலிருந்து மேற்கே போனால் தென்னந்தோப்புகள் முடிந்து மலை எழும்பும் இடத்தில் எங்கள் ஊர். மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை வழக்கமாக மாசி கடைசிவரை ஓடும். அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை. அப்படியிருந்தும் நெல் பால்பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது.

அப்பா திண்டுக்கல்லில் மில் வேலையில் இருந்தார். வாரம் ஒருமுறை வருவார். அம்மாவின் மடியில் கைக்குழந்தை. வயலைப் பார்த்துக்கொண்டவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். ஊரில் ஆண்கள் இரண்டு நாளாகக் கூடிக்கூடிப் பேசினார்கள். மேலே எவனோ தண்ணீரை மறித்துவிட்டான் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எவன் என்பதில் ஆளுக்கொரு கருத்து. பெரியப்பாவின் மகன்கள் இருவரும் அரிவாளைத் தீட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்த்துக்கொண்டு ஏறுவதாகச் சொன்னார்கள்.

அத்தை சனிக்கிழமையே கிளம்பினாள். காட்டுக்குள் தனியாகப் போகாதே என்று அம்மா தடுத்தாள்.

“தனியா எங்க போறேன்? இவ வாரால்ல” என்று என்னைக் காட்டினாள் அத்தை. யானை வந்தால் என்னைக் காட்டியே விரட்டிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. தூக்குச்சட்டியில் புளிச்சோறு, இடுப்பில் ஒரு அரிவாள், துணைக்கு நான்.

விடியும்போது நடக்கத் தொடங்கினோம். முதலில் கள்ளியும் உடைமரமும் இலந்தை முள்ளும். ஓடைக்குள் இறங்கி, வெள்ளை மணலையும் உருண்டைக் கற்களையும் மிதித்துக்கொண்டே ஏறினோம். அங்கங்கே அத்தை மணலைத் தோண்டிப் பார்த்தாள். ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. ஒரு திருப்பத்தில் யானை லத்தி கிடந்தது. காலால் உடைத்துப் பார்த்து, “பழசு, வா” என்றாள். எனக்கு அதன் பிறகு ஒவ்வொரு பாறையும் யானையாகவே தெரிந்தது. கால் வலிக்கிறது என்று நான் உட்கார்ந்தபோதெல்லாம், “சரி, நீ இங்கயே இரு, நான் போயிட்டு வந்துர்றேன்” என்பாள். உடனே எனக்கு வலி நின்றுவிடும்.

பாதி மலை ஏறியதும் காற்று மாறியது. வெயில் அதேதான், ஆனால் சுடவில்லை. முள் மரங்கள் போய், பலாவும் மிளகுக்கொடி சுற்றிய மரங்களும், அவற்றின் நிழலில் காப்பிச்செடிகளும் வந்தன. அங்கேதான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அத்தை ஓடினாள். பாறைக்குடைவில் தெளிந்த தண்ணீர் தேங்கி நின்றது. அது கீழே வழியும் வாயில் மணல் மூட்டைகள். குடைவுக்குள்ளிருந்து மூன்று கறுப்பு ஓஸ் குழாய்கள் பக்கவாட்டில் தோட்டத்துக்குள் போயின. ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

அத்தை அரிவாளை எடுத்தாள். முதல் ஓஸை அவள் தூக்கிப் பிடித்தபோது, காப்பிச்செடிகளுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். அத்தை வயதுதான் இருக்கும்.

“வெட்டிறாதீங்க அக்கா! குடிக்கவும் அதாங்க!”

“கீழ எங்க நெல்லு காயுது. யாரக் கேட்டு மறிச்சீங்க?”

அந்தப் பெண் கெஞ்சவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. அங்கே எட்டு வீடு இருப்பதாகச் சொன்னாள். அவர்களுடைய ஊற்று வற்றிவிட்டதாம். “குடிக்கத்தான் மொதல்ல இழுத்தோம். பெறகு பீன்ஸ் வாடுச்சு, அதுக்கும் பாச்சிட்டோம். தப்புத்தாங்க.”

“ஒங்க ஊத்து எங்க இருக்கு?”

“அது இன்னும் மேலங்க. ரொம்ப ஏத்தம்.”

“காட்டுங்க” என்றாள் அத்தை.

சொன்னால் நம்பிவிடும் ஆள் இல்லை அவள். மறுபடியும் ஏறினோம். மேலே, உயர உயரமாய்த் தைல மரங்கள் வரிசை போட்டு நின்றன. தலைவலித் தைலம் போல வாசம். கீழே ஒரு புல்கூட இல்லை. சருகு மட்டும் காலடியில் நொறுங்கியது. அந்தச் சரிவின் அடியில் ஒரு கல் தொட்டி, அதன் உள்ளே காய்ந்த பாசி. முன்பு அங்கே சோலைக்காடு இருந்ததாகவும், இந்த மரங்கள் வளர வளர ஊற்று சுருங்கிப்போனதாகவும் அந்தப் பெண் சொன்னாள். அத்தை மண்டியிட்டு, முழங்கை மறையும் வரை தோண்டினாள். கடைசிவரை பொடி மண்தான் வந்தது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் கீழே எல்லாம் தெரிந்தது. அணைத் தண்ணீர், தென்னந்தோப்புகள், அவற்றுக்கு நடுவே துண்டு துண்டாக வயல்கள். அத்தை கை நீட்டினாள்.

“அந்தா, தோப்புக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு மட்டும் வெளுத்துக் கெடக்குல்ல? அதுதான் எங்களது.”

“தெனம் பாக்குறதுதாங்க. யாரு வயலுன்னு தெரியாது” என்றாள் அந்தப் பெண்.

அத்தைதான் பேச்சை ஆரம்பித்தாள். பகல் முழுக்க உங்களுக்கு, பொழுது சாய்ந்தால் மூட்டையை எடுத்துவிட வேண்டும், விடியும்வரை எங்களுக்கு. குடைவுக்கு இறங்கியதும் அந்தப் பெண் எட்டு வீட்டு ஆட்களையும் கூப்பிட்டுக் கலந்து பேசினாள். ஒருவர் முணுமுணுத்தார், அவரைப் பார்த்து அத்தை, “நாளைக்கு எங்க ஊரு ஆம்பளைங்க வருவாங்க. அவங்ககிட்ட பேசுறீங்களா?” என்றாள். முணுமுணுப்பு நின்றது. புளிச்சோற்றை அங்கேயே பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

ஊருக்குள் நுழைந்ததும் பெரியப்பாவும் அவர் மகன்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

“பாறை சரிஞ்சு ஓடைய அடச்சிருச்சு. தள்ளி விட்டுட்டு வந்தேன். நாளைக்கு வெள்ளனே தண்ணி வரும்” என்றாள் அத்தை.

நான் வாயைத் திறந்தேன். என் தோளில் இருந்த அவள் கை இறுகியது. வலித்தது.

சொன்னபடி தண்ணீர் வந்தது. விடியற்காலையில் வாய்க்கால் நிறைய வந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். ஏன் பகலில் மட்டும் வருவதில்லை என்று ஊரே யோசித்தது. பெரியப்பா, பாறைச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது என்று எல்லோருக்கும் விளக்கினார். அத்தை மிகுந்த கவனத்தோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நெல் பிழைத்தது.

நான் அவளோடு பேசவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று என்னை அடித்தவளே அவள்தான். தண்ணீரைத் திருடியவர்களைப் பார்த்தோம், அகப்பட்டார்கள், ஆனால் ஊரில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னால் ஒரே நாளில் பெரிய ஆளாகியிருப்பேன்.

அறுப்பு முடிந்த வாரத்தில், மலைக்குப் போகும் பஸ்ஸில் அத்தை ஒரு சாக்குத் தேங்காயை ஏற்றினாள். மூட்டையைத் தூக்க ஒரு கை பிடிக்கச் சொன்னாள், முறைத்துக்கொண்டே பிடித்தேன். எந்தத் திருப்பத்தில், யாரிடம் இறக்க வேண்டும் என்று கண்டக்டரிடம் இரண்டு முறை சொன்னாள்.

“மேல யாரு இருக்காங்க அக்கா ஒங்களுக்கு?” என்று கேட்டார் அவர்.

“எங்க சொந்தக்காரங்கதான்” என்றாள் அத்தை.

இது இரண்டாவது பொய் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.